விடிந்தால் புதன்

அயோத்தியாப்பட்டணம் தாண்டி
சேகோ ஆலையின் எடைமேடைக்குப் பக்கத்தில்
எட்டுக்கு எட்டு அறை.
ஜன்னலைத் திறந்தால் புளித்த கிழங்குப் பால் வாசனை,
அதற்கும் மேலே சேர்வராயன்.
மூடினால் நானும் கணினியும்.

லாரி ஏறி நிற்கும். மேடை ஒருமுறை முனகும்.
மாதப்பன் பொத்தானை அழுத்துவார்.
எடையும் நேரமும் ஒரே வரிசையில் விழும்.
எடையில் சண்டை வந்திருக்கிறது, எத்தனையோ முறை.
நேரத்தோடு யாரும் சண்டை போட்டதில்லை.

போட்டிருக்க வேண்டும்.

சேர்ந்த புதிதில்
பெரிய எம் போடவேண்டிய இடத்தில்
சின்ன எம் போட்டேன்.
பெரியது மாதம், சின்னது நிமிடம்.
குறில் நெடில் மாதிரிதான்,
கல் என்று எழுதப்போய்க் கால் முளைத்துவிட்டது.
மூன்று நாள் ரசீதுகளில்
முப்பத்தேழாம் மாதம், ஐம்பத்திரண்டாம் மாதம்,
ஒரே ஒருமுறை பூஜ்ஜிய மாதம்.
வாங்கியவர்கள் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்கள்.
தொகை சரியாக இருந்தது.

பிறகு ஆத்தூர்க் கிளையின் கோப்பு.
அங்குள்ள மென்பொருளுக்கு அமெரிக்கப் பழக்கம்,
மாதம்தான் முன்னால்.
பன்னிரண்டைத் தாண்டிய தேதிகள்
உள்ளே வர மறுத்துச் சிவப்பில் கத்தின.
யோக்கியமான தேதிகள்.
பன்னிரண்டுக்குள் இருந்தவைதான்
சத்தமில்லாமல் நுழைந்து
அடுத்தவர் மாதத்தில் உட்கார்ந்துகொண்டன.
மார்ச் நாலு, ஏப்ரல் மூன்றாகி
வட்டி கேட்டது.
கத்துகிற பிழை என்றால் எனக்கு இப்போது மரியாதை.

இந்தத் தையில் விலை ஏறியது.
'இருபத்திரண்டு, புதன் முதல் மூட்டைக்கு முப்பது கூட'
என்று ராஜவேலு முதலாளி
சாக்பீஸால் எழுதி வைத்தார்.
பட்டுவாடா அறிக்கை எடுத்தேன்.
புதன் மெலிந்திருந்தது. செவ்வாய் ஊதியிருந்தது.

நேரத்தைத் தரவுத்தளம் கிரீன்விச்சில் வைத்திருக்கிறது.
அப்படி வைக்கச் சொன்னவன் நான்.
காட்டும்போது ஐந்தரை மணி கூட்டிக் காட்டு என்று
திரைக்குச் சொன்னேன், ரசீதுக்குச் சொன்னேன்,
அறிக்கைக்குச் சொல்ல மறந்தேன்.
நள்ளிரவுக்கும் ஐந்தரைக்கும் நடுவே வந்த
பதினோரு லாரிகள்
நேற்றைக்குள் போய்ப் படுத்திருந்தன.

ஒரு வரித் திருத்தம்.
முதலில் நேர மண்டலத்தை மாற்று,
அப்புறம் தேதியை வெட்டு.
வெட்டிவிட்டு மாற்றப் போனால்
மாற்ற மணியே மிஞ்சியிருக்காது.

பதினோரு பேருக்கும் போன் போட்டேன்.
பேளூர் பூங்காவனம் மட்டும் ஒப்பவில்லை.
நூற்றிருபது மூட்டை,
மூவாயிரத்து அறுநூறு பாக்கி என்றேன்.
"நான் வந்தது செவ்வாக்கெழம ராத்திரிங்க.
விடிஞ்சாத்தான் புதன்.
பழைய வெலைன்னு பேசித்தான ஏத்துனேன்?"
"மணி ரெண்டு இருபத்தெட்டுங்க.
பன்னெண்டு அடிச்சா தேதி மாறிடும்."
"யாருக்கு?"

திருத்தாத வினவல்
திரையில் இன்னொரு சன்னலில் திறந்தே கிடந்தது.
அதில் அவர் செவ்வாயில் இருந்தார்,
அவர் சொன்னபடியே.
லண்டன் பக்கத்துக் கடிகாரமும் பேளூர் பூங்காவனமும்
ஒரே நாளில் நிற்கிறார்கள்.
நான் மூவாயிரத்து அறுநூறோடு
வெளியே நிற்கிறேன்.

"தேதி கணக்குக்கு. கெழம உங்களுக்கு" என்றேன்.
கொஞ்ச நேரம் அந்தப் பக்கம்
பம்புசெட் ஓடுவது மட்டும் கேட்டது.
"சரி, போட்டுவிடுங்க.
ரசீதுல ராத்திரின்னு எழுதிக் குடுங்க."

அப்படி ஒரு வடிவம் கிடையாது.
ஏஎம் உண்டு, பிஎம் உண்டு,
இருபத்துநாலு மணி உண்டு,
வினாடியை ஆறு துண்டாக நறுக்கவும் வழி உண்டு.
ராத்திரி இல்லை.

அன்று சாயங்காலம் ஒரு நிபந்தனை எழுதினேன்.
மணி ஐந்தரைக்குக் குறைந்திருந்தால்
கிழமைக்கு முன்னால் ஒரு சொல் சேர்.

அடுத்த வாரம், அதிகாலை நாலேகாலுக்கு
வாழப்பாடி டிரைவர் ஒருவர்
ரசீதை விளக்கடியில் பிடித்துப் படித்தார்:
29, விடிந்தால் புதன்.
"ஆமா" என்று சொல்லி
மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.