வேலைச்சீட்டு

சேர்ந்து நான்காம் மாதம். இன்னும் ஹெல்பர்தான்.
ஏணி பிடிப்பேன். ஃபில்டர் கழுவுவேன்.
ஐந்து ரோட்டு நகைக்கடையில்
ஒழுகும் ஏசிக்குக் கீழே வாளியோடு நிற்பேன்.
கேஜைத் தூக்கி வரலாம், முள்ளைப் படித்துச் சொல்லக் கூடாது.

அன்று நேசமணி அண்ணன் ஏற்காட்டில்.
ஏதோ ரிசார்ட்டில் குளிர் தாங்கவில்லையாம்,
பதினோரு அறைக்கு ஹீட்டர்.
இருபது வளைவும் பனிக்குள்; ராத்திரி வேன் இறங்காது.
முதலாளி போனில் சொன்னார்:
“குகையில ஒரு பொட்டி நின்னுபோச்சு. நீயே போ.”

பொட்டி என்றால் எங்கள் கடையில் ஐஸ் பெட்டி.
வாடகை ஒரு நாளைக்கு. ஜெனரேட்டர் தனி.

சாமியானாவுக்குள் நுழைந்ததும்
“மெக்கானிக் வரலையா?” என்றார் ஒருவர்.
நான்தான் என்றேன்.
எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

கண்ணாடிக்கு உள்ளே நீர் கோத்திருந்தது.
நெற்றியில் ஒரு ரூபாய்.
முப்பது வருஷம் தறி செட்டில் வேர்த்த உடம்பு என்று
பின்னால் யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
மகன் மஸ்கட்டில் விமானம் ஏறிவிட்டான்.
விடியும்வரை தாங்க வேண்டும்.

கம்ப்ரசர் கால்மாட்டில்.
மண்டியிட்டேன்.
கும்பிடுகிறேன் என்று நினைத்துப்
பெண்கள் ஒதுங்கி இடம்விட்டார்கள்.
அப்படியே இருக்கட்டும் என்று
ஸ்க்ரூடிரைவரை மெதுவாக எடுத்தேன்.

கெப்பாசிட்டர் போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்,
எனக்கு மாற்றத் தெரிந்தது அது ஒன்றுதான்.
கெப்பாசிட்டர் நன்றாக இருந்தது.
ரிலே நன்றாக இருந்தது.
கம்ப்ரசர் மட்டும் தோசைக்கல்.

டார்ச்சை வாயில் கவ்விக் குனிந்தால்
ஃபேன் தண்டில் வாழைநார், ஏழெட்டுச் சுற்று.
கண்டன்சர் தகடுகளுக்குள்
சம்பங்கி, ரோஜா இதழ், கொஞ்சம் ஊதுபத்திச் சாம்பல்.
மேலே இடமில்லாமல் பக்கவாட்டில் சரிந்த மாலைகளை
எந்திரம் மூச்சோடு இழுத்திருக்கிறது.
வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து
அன்பால் அதை அடைத்திருக்கிறார்கள்.

நோஸ் பிளையரால் ஒவ்வொன்றாக.
பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை.
சூடு ஆறினால்தான் ஓவர்லோடு விடும்.
இருபது நிமிஷம். சில சமயம் நாற்பது.
அதை எப்படிச் சொல்வது?
“கொஞ்சம் ஆறணும்” என்றேன்.
ஒப்பாரி நின்றது.
எல்லாரும் எந்திரத்தையே பார்த்தார்கள்.
நான் என் கைகளைப் பார்த்தேன்.

டக்.
அப்புறம் அந்த முனகல்.
அதற்குத்தான் காத்திருந்ததுபோல
வீடு மறுபடி அழத் தொடங்கியது.

பை கட்டும்போது அந்தம்மா அருகே வந்தார்.
“ரொம்ப வைக்காத தம்பி, அவருக்குக் குளிர் ஆகாது.
மார்கழியில மஃப்ளர் இல்லாம
பால் வாங்கக்கூடப் போகமாட்டாரு.”
தெர்மோஸ்டாட் குமிழில் விரல் வைத்தேன்.
திருப்பவில்லை.
“கொறச்சிட்டேம்மா.”

தெருமுனை விளக்கடியில் வேலைச்சீட்டு எழுதினேன்.
குறை: குளிரவில்லை.
காரணம்: பூ.
முதலாளி சிரிப்பார். அடித்துவிட்டு
‘காற்று அடைப்பு’ என்று எழுதினேன்.
வாடிக்கையாளர் கையெழுத்து வாங்க
திரும்ப உள்ளே போகவில்லை.

இரண்டரை மணிக்கு அண்ணன் கூப்பிட்டார்,
பல் தந்தியடிக்க.
“மேல கரண்டே பத்தலைடா,
ஒரு ஹீட்டரும் ஓடல. அங்க?”

“ஓடுதுண்ணே.”