நாற்பத்தெட்டு

மூன்று நாள் நிறுத்திவைத்தால்
நாலாம் நாள் ஸ்டார்ட்டர் 'டிக்' என்பதோடு சரி.
இது இரண்டாவது பேட்டரி.

முனிச்சாலை ரோட்டில் குபேந்திரன் கடை.
நெகடிவ் வயரைக் கழற்றி
இடையில் மீட்டரைக் கோத்தான்.
சாவி என் சட்டைப்பையில் இருக்கிறது.
மீட்டரில் நாற்பத்தெட்டு மில்லி ஆம்பியர்.
'தூங்குற வண்டி இம்புட்டுக் குடிக்காதுண்ணே.'

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாய் உருவினான்.
ஹார்ன் இல்லை. விளக்கு இல்லை.
ரெகுலேட்டரையும் பிடுங்கிப் பார்த்தாயிற்று.
வெயில் டேங்க்கிலிருந்து சீட்டுக்கு நகர்ந்துவிட்டது,
எண் நகரவில்லை.

டேங்க்கைத் தூக்கியதும்
கறுப்பு டேப் சுற்றிய தீப்பெட்டி ஒன்று
சிவப்பாய்க் கண் சிமிட்டியது.
'பைனான்ஸ்காரன் வச்ச ட்ராக்கர்.
பேட்டரியிலயே நேரா கொக்கி போட்டுருக்கான்.'

நான் ரொக்கம் கொடுத்து வாங்கிய வண்டி,
மேலூர் சோணைமுத்துவிடம்.
அவனுக்கு எத்தனை தவணை பாக்கியோ.
பதினோரு மாதமாய்
அவனைத் தேடுகிறவர்களுக்கு
என் வீட்டு வாசலைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது,
ராத்திரியெல்லாம்,
என் செலவில்.

'வெட்டிரவாண்ணே?'

வெட்டினால் கடைசியாய்க் காட்டுவது
உன் கடையைத்தான் என்றேன்.

கட்டிங் பிளேயரை மூடாமல்
தெருவை இரண்டு பக்கமும்
எட்டிப் பார்த்தான் குபேந்திரன்.