ஆறாவது சுவிட்ச்

அரசரடியில் பூட்டப்போகும் வீடொன்றில்
கடைசி ரீடிங் எடுக்கப் போனேன்.
மீட்டரில் நாற்பத்தோராயிரத்துச் சொச்சம்.
குறித்துக்கொண்டு திரும்பினால்
சுவரில் சாய்ந்து இரண்டு கிடார்கள்.

கூட்ஸ் வண்டி கார்டு கிளிஃபர்ட் ரொசாரியோ வாசித்தவை.
மனிதர் மாசியில் போய்விட்டார்.
அண்ணன் மகன் நைஜல்
பெர்த்துக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.
"ரெண்டும் ஒரே விலை. ஒண்ணுதான் தருவேன்."
"ஏன்?"
"இன்னொண்ணு எனக்கு. பெட்டியில ஒண்ணுதான் பிடிக்கும்."

பகலில் மின்வாரியம்,
ராத்திரியில் இருளப்பன் மெல்லிசைக் குழு,
இருபத்திரண்டு வருடமாக இப்படி என்று
அவனிடம் நான் சொல்லவில்லை.
விரல் நுனிக் காய்ப்பைப் பார்த்துவிட்டு
ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

முதலாவது, ஊர் உலகம் அறிந்த உருவம்.
இரண்டு கொம்பு, ஒடுங்கிய இடுப்பு,
நடுவில் மஞ்சள், ஓரம் போகப்போகக் கருக்கல்:
கல்லில் ஒரு நிமிடம் கூடுதலாகக் கிடந்த தோசை.
எழுபத்தாறில் அமெரிக்காவில் பிறந்தது.
தொட்டதும் சொன்ன பேச்சுக் கேட்டது.
நாங்கள் மேடையில் வாசிக்கும் எந்தப் பாட்டின்
எந்த இடையிசையும் ஏற்கெனவே உள்ளே இருந்தது,
நான் விரலை வைத்தால் போதும்.

இரண்டாவதை என்னவென்று சொல்ல.
ஜப்பான். அறுபத்தேழாக இருக்கலாம்.
தூத்துக்குடியில் ஒரு மாலுமி சீட்டாட்டத்தில் தோற்றதாம்.
பேர்த்தகடு உதிர்ந்து ஆணித்துளை மட்டும் மிச்சம்.
கத்திரிக்காய் நிறம்,
ஒரு பக்கம் வீங்கிய முந்திரிப்பருப்பின் வளைவு,
நான்கு பிக்கப், மேலே தகர மூடி,
சைக்கிள் பிரேக் போல ஒரு கம்பி,
வரிசையாக ஆறு சுவிட்ச்.
எங்கள் சப்ஸ்டேஷன் பேனலில்கூட
இத்தனை குழப்பம் கிடையாது.

ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.
மூன்றும் ஐந்தும் சேர்ந்தபோது
காலி வாளியில் முதல் பீச்சுப் பால்.
நான்கு, மூக்கடைத்தவன் உண்மை பேசுவது.
ஆறாவது எதுவும் செய்யவில்லை.
டியூப்லைட் எரிந்தவரை உறுமிக்கொண்டே இருந்தது.
நைஜல் எழுந்து லைட்டை அணைத்தான்.

இருளப்பனுக்குப் போன் போட்டேன்.
"கிறுக்குப் பிடிச்சிருச்சா?
அந்த அமெரிக்காக்காரியத் தூக்கிட்டு வா.
ஆகாட்டி நாளைக்கே வித்துக்கலாம்.
கத்திரிக்காய வச்சு வாசிச்சா பாட்டு மாதிரியே இருக்காது,
அனுப்பானடிக்காரய்ங்க சேரைத் தூக்கிருவாய்ங்க."
அவன் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.
பாட்டு மாதிரியே இருப்பதற்குத்தானே
எனக்குச் சம்பளம்.

முதலாவதை இன்னொரு முறை மடியில் வைத்தேன்.
அழகாகத்தான் இருந்தது.
தன்னை வாசித்த எல்லோரையும் அதற்கு ஞாபகம் இருந்தது.
என்னைத் தெரிந்துகொள்ள அவசரமில்லை.

சீட்டு எடுத்த பணம்.
பாதி, மகளின் பல்லுக்குக் கம்பி போட வைத்தது.
எண்ணிக் கொடுத்தேன்.

கத்திரிக்காயைப் போர்வையில் சுற்றி
ஸ்கூட்டரின் முன்னால் செங்குத்தாக நிறுத்தி
காளவாசல் தாண்டும்போது கான்ஸ்டபிள் கை காட்டினார்.
"என்னம்மா இது?"
"கிடார்."
போர்வையை விலக்கிப் பார்த்தவர்
நம்பாமல்தான் அனுப்பினார்.

அனுப்பானடியில் சேர் எதுவும் பறக்கவில்லை.
இரண்டாம் பாட்டின் நடுவே
என் ஸ்பீக்கரில் போலீஸ் வயர்லெஸ் பேசியது,
தெப்பக்குளத்தில் மாடு மறித்து நிற்கிறதாம்.
கூட்டம் விசிலடித்தது.
இருளப்பன் மூன்று நாள் பேசவில்லை.

நேற்று பின்மூடியைத் திறந்தேன்.
ஆறாவது சுவிட்சிலிருந்து ஒரு வெள்ளை ஒயர்
எங்கும் சேராமல் சுருண்டு கிடந்தது.
அறுந்ததில்லை. ஈயமே படாத நுனி.
ஷிஃப்ட் முடியும் மணி அடித்திருக்கும்,
நாளைக்குப் பார்க்கலாம் என்று
யாரோ வைத்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

பற்றவைக்கிற கோல் சூடேறிவிட்டது.
ஒயர் எட்டும் தூரத்தில் இரண்டு இடம்.
டார்ச் பிடித்திருக்கும் மகள்
வாயை மூடிச் சிரிக்கப் பழகியவள்,
வாயை மூடியே கேட்கிறாள்:
"ம்?"