கதவுப் பச்சை

ஹட்டனில் இந்த மாதம் எதுவும் காயாது.
துணி, தீப்பெட்டி, போன கிழமை பூசிய பிரைமர்.
பெயின்ட் ரிமூவர்கூடக் குளிரில் சோம்பிக் கிடக்கும்.
அடுப்பை அணைத்தபின் வெந்நீர்ச் சட்டிக்குள்
போத்தலை இறக்கிவைத்து
ஜன்னலைத் திறந்துபோட்டு
மூக்கைக் கட்டிக்கொண்டு உட்காருகிறேன்.

விரல் நீள வேன்.
அடித்தட்டின் ரிவெட் இரண்டையும் துளைத்துக் கழற்றினேன்.
கண்ணாடி, இருக்கை, சில்லுகள்
தனியே, தயிர்க் கோப்பையில்.
அனுப்பியவர் மாத்தளைச் சந்தனராஜ்.
"என்ன நிறம் பூசட்டும்?"
"நிறம் வேண்டாம் மிஸ், உரித்தால் போதும்."
இப்படி ஒருவர் சொல்வது முதல் தடவை.
மற்ற எல்லாருக்கும்
பெட்டி பிரித்த அன்றைய பளபளப்பு வேண்டும்.

காஸ்டிக் சோடா போடமாட்டேன்.
முதல் காரை அதில்தான் கொன்றேன்:
ஒரே இரவில் கரிக்கட்டை.
துத்தநாகம் ரோஷக்காரி.

தடவியதும் பச்சை சுருங்கி
பாலாடைபோல் எழும்பியது.
இந்தப் பச்சையை எனக்குத் தெரியும்.
லயத்துக் கதவு, டிஸ்பென்சரி வாங்கு,
பிள்ளைக்காம்பரா ஜன்னல்,
எல்லாம் ஒரே டின்னில் பிறந்தவை.
மிச்சப் பெயின்டில் எந்தப் பொடியனோ
விளையாடியிருக்கிறான் என்று சிரித்தேன்.

பல் கிளினிக்கில் வேலை எனக்கு.
அங்கே கழித்த கொக்கி ஒன்று வீட்டில் இருக்கிறது.
கடைவாயின் இடுக்கில் போகும் முனை
வேன் கதவின் இடுக்கிலும் போகும்.
கிளறக் கிளற
பச்சைக்கு அடியில் நீலம்.
பாக்டரி நீலம். ஒரு கீறல் இல்லை.
ஓடித் தேயாத, சுவரில் முட்டாத,
ஒரு நாள்கூட வயசாகாத நீலம்.

தயிர்க் கோப்பையைத் திரும்பப் பார்த்தேன்.
சில்லில் பச்சை. கண்ணாடியில் பச்சை.
அடித்தட்டின் பெயர் எழுத்துகளிலும் பச்சை.

விளையாடப் பூசுகிறவன் கண்ணாடியை விட்டிருப்பான்.
இது ஒளிக்கப் பூசியது.
இருட்டில், அவசரத்தில், தூரிகையில்லாமல்.
கூரையில் சின்ன ரேகை ஒன்று
உறைந்து கிடந்தது.
பங்களாப் புல்லில் ஒரு வேன் தொலைந்த அன்று
லயத்தில் யார் யார் வீட்டைக் கிண்டினார்கள்,
யார் அடி வாங்கினார்கள்...
போதும்.
பல்லைப் பார்த்து ஆளைச் சொல்லும் வியாதி எனக்கு.
பாதி நேரம் பிழைத்துவிடும்.

ரேகைதான் முதலில் கரைந்தது.
பிறகு நீலம்.

இரவு போன் வந்தது.
"அடியில் நீலம் இருந்ததா, மிஸ்?"
"இருந்தது."
"முழுசாப் போயிட்டுதா?"
"போயிட்டுது."
மாத்தளையிலும் மழைபோல, இரைச்சல் கேட்டது.
அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.
பிறகு தபால் செலவு எவ்வளவு என்று கேட்டார்.

வேன் இப்போது சாம்பல் நிறம்,
ஈயக் கரண்டிபோல் கனம்.
பஞ்சில் சுற்றிப் பெட்டியில் வைத்தாயிற்று.
வழித்த கசடைக் கானில் ஊற்ற முடியாது,
கான் போய்ச் சேர்வது நீர்த்தேக்கத்தில்.
பால்மா டின்னில் போட்டுக்
கூரைக்கடியில் வைத்திருக்கிறேன்.
பச்சையும் நீலமும் ஒன்றாய்க் குழம்பி
இன்னும் காயவில்லை.