விளம்பரம் வந்தால் நிறுத்து

பூஞ்சை பிடித்த கேசட்டைத் துடைத்துக்கொண்டே
சிராஜுதீன் சொன்னான்:
"வேகமா ஏத்த முடியாதுக்கா.
மூணு மணி நேர டேப்புன்னா மூணு மணி நேரம்தான்."

தங்கசாலையில், ஜெராக்ஸ் கடையின் பின்னறையில்
ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
லேபிளில் அம்மா கையெழுத்து:
மேட்ச். இதுமேல எதுவும் புடிக்காதே.

அப்பாவுக்கு ஹார்பரில் நைட் ஷிஃப்ட்.
செருப்பு மாட்டும்போது சொல்வார்:
விளம்பரம் வந்தா நிறுத்து, டேப்பு பத்தாது.

அம்மாவுக்கு கிரிக்கெட் தெரியாது.
ஓவர் முடிகிறது. அரை நொடி சோப்பு நுரை.
வெட்டு.
அடுத்த பந்து ஏற்கெனவே
எல்லைக்கோட்டை நோக்கி ஓடிக்கொண்டிருக்கிறது.
ரிமோட் கெட்டுப்போன டெக்.
அடுப்பிலிருந்து அதற்கு நாலு எட்டு.
எந்த ஓவரிலும் முதல் பந்து இல்லை.

முப்பத்தோராவது ஓவருக்குப் பிறகு
சைக்கிள், பற்பசை, டயர், மறுபடி பற்பசை.
கொருக்குப்பேட்டைக்கு லாரித் தண்ணி வந்திருக்கும்.
ஆறு குடம், என்று கணக்குப் போட்டேன்.
பிறகு மீண்டும் வெட்டு, நாலு எட்டு, வெட்டு.

"விளம்பரத்த எல்லாம் தூக்கிடவாக்கா?"
இருக்கட்டும் என்றேன்.

நாற்பத்தாறு. விளம்பரம் ஓடுகிறது.
நாற்பத்தேழு. ஓடுகிறது.
லாரி போய் வெகுநேரமாகிவிட்டது.
முதல் பந்துகள் முழுசாக வருகின்றன,
ஓடிவரும் கால்களோடு.

கடைசி ஓவர். ஏழு ரன், மூன்று பந்து.
நீலத் திரை.

காலையில் அப்பா போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது.
தூங்கிட்டியாடி?

ஆமா, என்றாள் அம்மா,
சங்கராவின் செதிலைச் சுரண்டியபடி,
தலை நிமிராமல்.