மூன்றில் ஒரு பங்கு

“வேலூர்ல ஹீட்டரா?”
லாங் பஜார் அப்சர் பாய்
எதிர்க்கடைப் பையனையும் கூப்பிட்டு வைத்துச் சிரித்தார்.
பல்லிக்கு என்றதும்
இன்னொரு சுற்று.

மே மாதம் என்றால் நானும் சேர்ந்திருப்பேன்.
இது மார்கழி, பாய்.
கொசப்பேட்டை மாடி அறையில்
விடியற்காலை மூன்று மணிக்குப் பதினேழு டிகிரி.
ஆறு டப்பாவில் ஆறு சிறுத்தைப் பல்லிகள்
தின்ற புழு செரிக்காமல் விழித்துக் கிடக்கின்றன.
வெயில் வேண்டாம் அவற்றுக்கு.
அடிவயிற்றில் படும்படி,
பாறை இரவுக்கென்று எடுத்து வைக்கும் மிச்சம் போதும்.

அடுக்கை நானே பூட்டினேன்.
பிளைவுட்டை அறுத்துத் தந்த தனகோட்டி
“செருப்பு ஸ்டாண்டா, சிஸ்டர்?” என்றார்.
ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

குண்டு பல்பு மலிவு.
ஆனால் இரவு என்ற ஒன்றை அது விட்டுவைக்காது,
டப்பாவின் மூடியையும்.
மூட்டுவலிக்கு விற்கும் மின்சார ஒத்தடப் பை
இரண்டு மணி நேரத்தில் தானாக அணையும்,
அல்லது அணையாது.
வெளிநாட்டுத் தகட்டின் விலையைக் கேட்டுவிட்டு
ஒரு டீ குடித்தேன்.

நெருப்பைவிட மிதமான சூட்டுக்குத்தான் எனக்குப் பயம்.
தீக்காய வார்டில் நைட் டியூட்டி பார்க்கிறவள்.
போன வருடம் ஆரணியிலிருந்து ஏகாம்பரம் வந்தார்.
சர்க்கரை வியாதி. கால் ஜில்லென்று இருக்கிறதென்று
வெந்நீர்ப் பையில் பாதத்தை வைத்துத் தூங்கியவர்.
காலையில் தோல் பையோடு போயிற்று.
“சுடவே இல்லையே, சிஸ்டர்”
டிரெஸ்ஸிங் மாற்றும் ஒவ்வொரு முறையும் சொன்னார்,
யாரோ கூடவே இருந்து ஏமாற்றிவிட்டது போல.

இதை பாயிடம் சொன்னேன்.
சிரிப்பு நின்றது.
ஏணி போட்டு ஏறி
கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டிக்காரர்கள் வாங்குகிற
சிலிக்கான் ஒயர்ச் சுருள் ஒன்றை இறக்கினார்.
தெர்மோஸ்டாட் முந்நூற்று இருபது.
“ஒயரை மட்டும் வெட்டிடாதம்மா.
நீளம் குறைஞ்சா சூடு ஏறும்.”

பல்லியை விடுவதற்கு முன்
ஒரு வாரம் காலி டப்பாவோடு ஓட்டினேன்.
மார்கழிக்குத் தேங்காய் எண்ணெய்தான் தெர்மாமீட்டர்:
முன்னால் ஒரு மூடி எண்ணெய்,
பின்னால் ஒரு மூடி.
பின்னால் உருக வேண்டும்,
முன்னால் உறைந்தே இருக்க வேண்டும்.
மூன்று நாள் அப்படியே நடந்தது.

நாலாம் நாள் டியூட்டி முடிந்து வந்து இழுத்தால்
இரண்டு மூடியிலும் தண்ணீர் போல எண்ணெய்,
டப்பாவின் அடி லேசாக வளைந்து.
செல்லோ டேப் இளகி
சென்சார் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.
அறையின் குளிரைத் தொட்டுக்கொண்டு
குளிருது குளிருது என்று
இரவெல்லாம் அது சொல்ல,
ஒயர் பாவம்
கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

உட்கார்ந்துவிட்டேன் தரையில்.
உள்ளே ஒன்று படுத்திருந்தால்
நகர்ந்திருக்காது. தெரியும்.
சுடவே இல்லையே, சிஸ்டர்.

பிறகு பலகையில் பள்ளம் தோண்டி ஒயரைப் படுக்க வைத்தேன்,
பின்பக்கம் மூன்றில் ஒரு பங்கு மட்டும்.
மேலே அலுமினிய டேப்.
சென்சாருக்குக் கிளிப் வைத்து ஸ்க்ரூ.
இன்னொரு முந்நூற்று இருபது போட்டு
முதலாவதற்கு மேலே இரண்டாவது தெர்மோஸ்டாட்:
அது முப்பத்தொன்றில் நிறுத்த மறந்தால்
இது முப்பத்தைந்தில் வெட்டும்.
வார்டில் ஊசி மருந்தை
இரண்டு பேர் படித்துப் பார்ப்பதில்லையா?
பிளக்கில் ஒரு சின்ன ஃபியூஸ்.
கரண்ட் பில் பற்றிக் கேட்க மாடியேறிய
ஹவுஸ் ஓனர் டில்லிபாபுவுக்கு
ஃபேனைவிடக் குறைவு என்று
வாட் கணக்கை எழுதிக் காட்டினேன்.
டப்பாக்களைப் பார்த்தபடியே இறங்கிப் போனார்.

இன்று லீவு. போர்வையைச் சுற்றிக்கொண்டு
மூன்று மணிக்கு ஒரு டப்பாவை இழுத்துப் பார்க்கிறேன்.
பின்னால் எண்ணெய் உருகியிருக்கிறது.
முன்னால் உறைந்திருக்கிறது.
இவ்வளவு செலவுக்கும் பிறகு
குளிர்ப் பக்கத்தில் படுத்திருக்கிறது பல்லி,
வெள்ளை எண்ணெய் மூடியின் விளிம்பில் தாடையை வைத்து.

வால் மட்டும்
அந்தப் பக்கம்.