கேள்விக்குறி இருந்த இடம்

மார்த்தாண்டம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே
ஒற்றை விரலால் தட்டினேன்:
பனிச்சவிளைக் குளம், கல்வெட்டு, ஆண்டு.
வில்லுக்குறி வருவதற்குள்
பதினேழு இடங்களிலிருந்து ஒரே பதில்.
1765.

பதினேழு சாட்சி.
கரையை வளைத்து ரப்பர் நட்டவன்மேல்
வழக்குப் போட்டிருக்கும் வக்கீலுக்கு
இது தாராளம்.
இறங்கியதும் போன் பண்ணிச் சொல்லிவிடலாம்.

பதினொன்றாவது பக்கத்தில்
'அரை ஆள் உயரக் கல்' என்றிருந்தது.
அங்கே இடறினேன்.
அரை ஆள்.
கல்லை ஆளால் அளக்கிற அசட்டுத்தனம்
எனக்குப் பழக்கமான ஒன்று.

வீட்டில் பரணைக் கிளறினேன்.
கல்லூரி வெள்ளிவிழா மலர், பக்கம் அறுபத்தொன்று.
பன்னிரண்டு வருடம் முன்பு
அச்சகத்தில் ஜெபமலர் மேட்டர் கேட்டு நெருக்கிய மாலையில்
ஸ்கூட்டரைவிட்டு இறங்காமலே பார்த்துவிட்டு
எழுதிக் கொடுத்திருக்கிறேன்:
'கொல்லம் 941, அதாவது கி.பி. 1765 (?)'

அந்தக் கேள்விக்குறியை
முதலில் எடுத்துப் போட்டது யாரென்று தெரியவில்லை.
அடுத்தவர் அடைப்புக்குறிகளையும் எடுத்தார்.
அதற்கடுத்தவர் 'உறுதியாக' என்று சேர்த்தார்.
பதினேழு சாட்சியும் ஒரே ஆள்.
அந்த ஆள் இறங்கவேயில்லை.

குளம் நிறைந்து கிடந்தது.
கல்லின் தலை மட்டும் வெளியே,
அதில் ஒரு நீர்க்காகம்.
சானல் அடைக்கும்வரை பொறு என்றது தண்ணீர்.
தை. மாசி. பங்குனி பாதி.
வக்கீல் குமாஸ்தா வாரமொருமுறை கூப்பிட்டார்.
'பாத்துட்டிருக்கேன்' என்றேன்.
பார்ப்பதற்கு எதுவுமில்லாமல்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீன்குத்தகை ஞானதாஸ் மண்வெட்டியோடு வந்தார்.
சகதியை வெட்ட வெட்டக் கல் நீண்டது.
அரை ஆள் இல்லை, முழு ஆளுக்குமேல்.
சேற்றுக்குள் இன்னும் நாலு வரி
யாரும் படிக்காமல் நின்றிருந்தது.

தேங்காய் நாரால் பாசியைத் தேய்த்து
நனைத்த தாளை ஒட்டி
பிரஷ்ஷால் அடித்து அடித்து
கரி ஒற்றிக் காயவிட்டபோது
ஞானதாஸ் கேட்டார்:
'டீச்சரே, போன்ல அடிச்சா வராதா இது?'
'வருது ஞானதாஸ்.
நான் எழுதினதுதான் வருது.'

முதல் வரியின் கடைசி எண்
௧-ஆ ௪-ஆ என்று
இரண்டு இரவு தூங்கவில்லை.
புதைந்திருந்த வரியில்தான் பிடி கிடைத்தது:
'௪ கோட்டை நெல்லும் ௧ பணமும்.'
இரண்டும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே உளி.
௪ போடும்போது வலது காலை
லேசாக நீட்டிவிடுகிறான் அந்த ஆள்.
கை வலித்ததோ, அவசரமோ, அவன் பாணியோ.
முதல் வரியிலும் கால் நீண்டிருக்கிறது.
941 இல்லை. 944.

மாதத்தில் ஒரு ம மட்டும் மிச்சம்.
அதன் முன்னும் பின்னும் கல் பொரிந்துபோயிற்று.
மகரமா, மீனமா, மேடமா, மிதுனமா?
விரல்விட்டு எண்ணினேன்.
கொல்லம் ஆண்டு பிறப்பது சிங்கத்தில்;
தனுவின் பாதிவரை 824 கூட்டவேண்டும்,
பிறகு 825.
நான்கு ம-வும் பிறகில்தான் வருகின்றன.
எந்த மாதமென்று தெரியாமலே
ஆண்டு தெரிந்துவிட்டது!
சகதிக் காலோடு
தனியாகச் சிரித்தேன்.
ஞானதாஸ் ஏத்தன்பழம் ஒன்று உரித்து நீட்டினார்,
பசியில் இப்படி ஆகுமென்று நினைத்திருப்பார்.

வக்கீலுக்கு மூன்றரைப் பக்கம் கொடுத்தேன்.
'ஒரு வரி போதுமே' என்றார்.
1769 என்று எழுதி,
இந்த முறை கேள்விக்குறி போடாமல்
எழுத்தில் வைத்தேன்:
'மாதம் தெரியவில்லை. எண்ணில் சிறு ஐயம் உண்டு.
கல்லை இன்னொருவரும் பார்க்கவேண்டும்.'
வெட்டுகிறவர்கள் வெட்டட்டும்.
அதற்காவது கொஞ்சம்
கை வலிக்கட்டும்.

இடவப்பாதி மழையில்
குளம் மறுபடி தலைவரை ஏறியது.
போனில் இன்றைக்கும்
1765.
நீர்க்காகம் பழைய இடத்தில்.